மின்சாரக் காரில் மேச்சேரி வரை

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்த நம்மனோர்க்கு நிலப்படத்தில் இரண்டே ஊர்கள்தாம் உண்டு. ஒன்று, விட்டு வந்த ஊர். மற்றொன்று, வந்து சேர்ந்த ஊர். இரண்டிற்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டர் பரந்து கிடக்கும் நாட்டை நாம் பெரும்பாலும் ரயிலில் உறங்கியே கடந்துவிடுகிறோம். ஆகாய விமானத்தில் செல்வோர்க்கு அந்த உறக்கத்திற்கும் நேரம் இல்லை. அந்த நடுநாட்டில் அண்மையில் நான் மூன்று நாட்கள் தங்கித் தங்கிச் சென்றேன். விரும்பித் தங்கினேன் என்று சொன்னால் அது பொய்யாகும். என் புதிய வண்டி என்னைத் தங்கவைத்தது.

வண்டி வந்த கதை

மும்பை செம்பூரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்திற்கு முதன்முதலாக ஒரு மின்சாரக் கார் வந்தது. அது என்னுடையதாக அமைந்தது. பதினான்கு ஆண்டுகள் உழைத்த பழைய பெட்ரோல் வண்டியை விற்றுவிட்டு, நம் நாட்டிலேயே செய்யப்பட்ட நடுத்தரமான வண்டி ஒன்றை வாங்கினேன். பச்சை நிறப் பலகையில் வெள்ளை எழுத்தில் எண் பொறித்து வண்டி வாசலில் நின்றபோது, அண்டை வீட்டார் கேட்ட முதற்கேள்வி விலை அன்று, "ஒரு முறை சார்ஜ் செய்தால் எவ்வளவு தூரம் ஓடும்?" என்பதே. பின்னர் மாட்டுங்காவில் பூக்கடைக்காரர் கேட்டதும் அதுவே. கோயில் வாசலில் செருப்புக் காப்பவர் கேட்டதும் அதுவே.

விடை இதுதான். வண்டியின் அடியில் உள்ள பேட்டரி சுமார் 40 யூனிட் மின்சாரம் கொள்ளும். வீட்டு மின்கணக்கில் நாம் காணும் அதே யூனிட்தான். நெடுஞ்சாலையில் நிதானமாக ஓட்டினால் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர். ஆக, முழுப் பேட்டரிக்கு 270 கிலோமீட்டர் கிடைக்கும். விற்பனைத் தாளில் அச்சிட்டிருந்த தொலைவில் இது மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. வேகத்தை 100-க்கு உயர்த்தினால் இதிலும் ஒரு பகுதி கழிந்துவிடும். காற்றைக் கிழித்துச் செல்லும் செலவு, வேகம் கூடக்கூட அதைவிட விரைவாகக் கூடுவதே காரணம்.

வாங்குவதைவிட அதற்கு மின்சாரம் பெறுவது பெரும்பாடாயிற்று. வண்டி நிறுத்தும் இடம் என்னுடையது. அதற்கு மேலுள்ள சுவரோ கட்டடத்தார் அனைவருக்கும் பொது. அந்தச் சுவரில் ஒரு மின்கம்பியைக் கொண்டுவரக் குழுவினர் மூன்று கூட்டங்கள் கூடினர். "தீப்பிடித்தால் யார் பொறுப்பு?" என்று ஒருவர், "எல்லோரும் இப்படிக் கேட்டால் கட்டடம் தாங்குமா?" என்று மற்றொருவர். இரண்டும் நியாயமான கேள்விகளே. தனி மீட்டர், தனிக் கம்பி, முறையான எர்த், எல்லாம் என் செலவில் என்று எழுதிக்கொடுத்த பின்பே அனுமதி கிடைத்தது. இப்பொழுது இரவில் மாட்டிவிட்டுப் படுத்தால் காலையில் வண்டி நிறைந்து நிற்கிறது. ஒருமுறை நிறைக்க ஏறத்தாழ 400 ரூபாய் ஆகிறது. பழைய வண்டி அதே தொலைவிற்கு 18 லிட்டர் பெட்ரோல் குடித்தது.

ஓசையற்ற ஓட்டம்

முதல் வாரம் முழுவதும் எனக்கு ஏதோ ஒன்று குறைவது போலவே இருந்தது. கியர் இல்லை, கிளட்ச் இல்லை, உறுமல் இல்லை. பித்தானை அழுத்தினால் ஒரு விளக்கு மட்டும் எரிகிறது. என் தாயார் முதன்முதலில் ஏறி அமர்ந்தபோது, வண்டி தெருமுனையைத் தாண்டிய பின்பு, "இன்னும் எடுக்கலையா, கண்ணு?" என்று கேட்டார். மிதித்த கணமே முழு வலிமையும் சக்கரத்திற்கு வந்துவிடுவதால் முதல் நாட்களில் கால் மெல்லப் பழக வேண்டியிருந்தது. நம் கட்டடத்துக் காவற்காரரோ, பின்னால் ஓசையின்றி வந்து நின்ற வண்டியைக் கண்டு இருமுறை துள்ளிக் குதித்தார். அது முதல் வளாகத்தினுள் நடை வேகத்தில்தான் ஓட்டுகிறேன். குழந்தைகள் விளையாடும் இடத்தில் ஓசையின்மை ஒரு குறையே.

காலை எடுத்தால் வண்டி தானே வேகம் தணிகிறது. அப்பொழுது சக்கரம் மோட்டாரைச் சுழற்ற, மோட்டார் மின்சாரம் செய்து பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. நெரிசல் மிகுந்த மும்பைத் தெருக்களில் நின்று நின்று செல்வது பழைய வண்டிக்குத் தண்டச் செலவு. இதற்கோ அதில் ஒரு பகுதி வரவாகத் திரும்புகிறது.

இதனைப் புதுமை என்று நாம் வியக்கின்றோம். ஆயினும் இது பழம்புதுமை. 1895-இலேயே சென்னையில் மின்சார டிராம் ஓடிற்று. 1953 வரை ஓடிற்று. மும்பையில் அது 1907-இல் தொடங்கி 1964-இல் நின்றது. மோட்டார் வண்டிகளுள் முதன்முதல் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைக் கடந்ததும், 1899-இல் பெல்ஜியத்தவரான ஜெனாட்ஸி ஓட்டிய மின்சார வண்டியே. நம் நாட்டில் 2001-இல் பெங்களூரில் ரேவா என்னும் சிறு மின்சாரக் கார் விற்பனைக்கு வந்தது. அன்றைய ஈயப் பேட்டரிகளின் கனமும் குறைந்த கொள்ளளவுமே இடையூறாக நின்றன. லித்தியம் பேட்டரி அந்தத் தடையை நீக்கிற்று; அதனை ஆக்கிய மூவருக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது.

புகையில்லா வண்டி என்று பெருமை பேசவும் எனக்கு மனம் வரவில்லை. எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் டிராம்பே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிகின்றன. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. என் வண்டி விடாத புகையை வேறொரு வாய் விடுகிறது. தெருவில் நடப்பவன் மூக்கில் படவில்லை என்பது வரையில் நன்மை. அதற்கு மேல் சொல்வது மிகை.

பயணத்தின் காரணம்

எழுபதைக் கடந்த என் தாயார் 1971-இல் மணப்பெண்ணாக மும்பைக்கு வந்தவர். அவருடைய தமக்கை, எங்கள் பெரியம்மா, சேலம் மாவட்டத்து மேச்சேரியை அடுத்த சிற்றூரில் இருக்கிறார். கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தவர், தொலைபேசியில் ஒரு நாள், "நீ வர்றதுக்குள்ள நான் இருப்பேனோ என்னமோ" என்றார். அன்றிரவு தாயார் உணவு கொள்ளவில்லை. முழங்கால் அறுவைக்குப் பின் ரயிற்படி ஏறுவது அவருக்கு அரிது. விமானத்தில் செல்லலாம் என்றேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, "ஐம்பது வருஷமா போயிட்டு வர்றேன். நடுவுல என்ன இருக்குதுன்னு ஒரு தடவையும் பார்த்ததில்ல. உன் வண்டியிலேயே போலாமா?" என்று கேட்டார்.

1,150 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. நண்பர்கள் தடுத்தனர். என் மனைவிக்கும் அச்சம். எட்டாம் வகுப்பில் பயிலும் மகள் மட்டும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஊர், தொலைவு, மிஞ்சிய சார்ஜ் என்று மூன்று பத்திகள் கோடிட்டாள். மூன்றாம் நாள் மாலை வந்துவிடுவோம் என்று பெரியம்மாவுக்குச் சொல்லியனுப்பிவிட்டுப் புறப்பட்டோம்.

மலையும் நீரும்

விடியுமுன் வாஷிப் பாலத்தைத் தாண்டிப் பன்வேலில் விரைவுச் சாலையைப் பிடித்தோம். கோபோலிக்கு அப்பால் சாலை மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத் தொடங்கியதும் மகள் எண்களை உரக்கப் படிக்கலானாள். கண்டாலா ஏற்றம் மட்டும் நூற்றில் 12 பங்கை விழுங்கிற்று. பெட்ரோல் வண்டியில் மலை ஏறும்போது எஞ்சினின் முனகலைத்தான் கேட்டிருக்கிறேன். மலையின் உயரத்தை எண்ணாகக் கண்டது இதுவே முதல்முறை.

இந்த மலைக்கும் மின்சாரத்திற்கும் உறவு பழையது. மேலே லோணாவளா ஏரிகளில் தேக்கிய நீர் குழாய் வழியே இறங்கி, அடிவாரத்துக் கோபோலியில் 1915-இல் மின்சாரமாகி, மும்பையின் பஞ்சாலைகளை ஓட்டப் புறப்பட்டது. நம்மவருள் எத்தனை குடும்பங்கள் அந்த ஆலைகளை நம்பி வந்தவை! நீர் இறங்கிய மலையில் மின்சாரத்தைச் செலவழித்து நாங்கள் ஏறிக்கொண்டிருந்தோம்.

புனேயை அடைந்தபோது மீதம் 40. நகருக்கு வெளியே ஒரு நிலையத்தில் விரைவு சார்ஜரில் மாட்டினோம். யூனிட்டுக்கு 20 ரூபாய்க்கு மேல். வீட்டு விலைக்கு இருமடங்கு. ஒரு மணி நேரம் ஆயிற்று. கட்டுச்சோற்றை அவிழ்த்து உண்டோம். பெட்ரோல் நிலையத்தில் ஐந்து நிமிடம் நிற்பவன் எவரோடும் பேசுவதில்லை. ஒரு மணி நேரம் நிற்பவன் பேசாதிருக்க இயலாது. அருகில் மற்றொரு மின்வண்டியோடு நின்ற நாசிக் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர், 80-க்கு மேல் சார்ஜ் ஏறுவது மெதுவாகும், அதற்காகக் காத்திருப்பது வீண் என்று சொல்லிக்கொடுத்தார். அந்த அறிவுரை வழி நெடுக உதவிற்று.

கம்பட்கி மலைப்பாதையை ஏறி இறங்கிச் சாதாரா வழியாகக் கராட் சேர்ந்தோம். அங்கே கோயனையும் கிருஷ்ணையும் நேர்க்கு நேர் வந்து கூடுகின்றன. கோயனைக் கட்டுத் திட்டத்தின் மின்நிலையங்கள் 1,960 மெகாவாட் ஆற்றல் கொண்டவை. கிழக்கே ஓட வேண்டிய நீரை மலைக்குள் சுரங்கம் வழியே மேற்கே திருப்பி மின்சாரம் எடுக்கிறார்கள். தாயார் கரையில் இறங்கிக் கிருஷ்ணையின் நீரைத் தலையில் தெளித்துக்கொண்டார். "ரயிலில் ராய்ச்சூர் பக்கம் ஒரு பெரிய பாலம் வரும், இருட்டில் சத்தம் மட்டும் கேட்கும், காசு போடுவோம். அது இந்த ஆறா?" என்று கேட்டார். அதுவே என்றேன். ஐம்பது ஆண்டுகளாகக் காசு போட்ட ஆற்றின் முகத்தை அன்றுதான் அவர் கண்டார்.

இரவு கோலாப்பூரில் தங்கினோம். விடுதிக்காரர் தோட்டத்து மின்செருகியைத் தந்தார். காலையில் வண்டி ஏறக்குறைய நிறைந்திருந்தது.

துர்க்கத்து இரவு

மறுநாள் நிப்பாணியில் கன்னட நாட்டினுள் நுழைந்தோம். பெளகாவி, 1824-இல் சென்னம்மா ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற கித்தூர், தார்வாடு எனச் சாலை விரைந்தது. ஹுப்பள்ளியில் ஒரு மணி நேரம் சார்ஜ் ஏற்றினோம். எல்லாம் கணக்குப்படியே நடந்ததால் எனக்குச் செருக்கு வந்துவிட்டது. தாவணகெரேயில் வெண்ணெய்த் தோசை உண்ட நேரத்தில் வண்டிக்கும் ஊட்டியிருக்கலாம். "அடுத்தது சித்ரதுர்க்கம், 60 கிலோமீட்டர்தான்" என்று வேகத்தையும் கூட்டினேன்.

சித்ரதுர்க்கத்தை அடைந்தபோது இரவு எட்டு மணி, மீதம் 11. கைப்பேசி "இயங்குகிறது" என்று காட்டிய நிலையத்தில் இயந்திரத்தின் திரை இருண்டு கிடந்தது. மூன்று நாட்களாக இப்படித்தான் என்று காவலர் கைவிரித்தார். அடுத்த நிலையம் ஹிரியூரில், 40 கிலோமீட்டர். எங்களிடம் இருந்ததோ 28 கிலோமீட்டருக்குரிய மின்சாரம். தொலைவில் குன்றுகளின் மேல் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் வரிசையாக மினுக்கிக்கொண்டிருந்தன. அவ்வளவு மின்சாரம் அங்கே பிறக்க, ஒரு வண்டிக்கு ஊட்டக் கீழே வழியில்லை.

முதல் விடுதியில், கம்பி எரிந்துவிடும் என்று மறுத்துவிட்டனர். இரண்டாவது விடுதியில் இசைந்தனர். ஆனால் எங்கள் சார்ஜர்ப் பெட்டி சிவப்பு விளக்கைக் காட்டி மறுத்தது. அங்கே எர்த் சரியில்லை. எர்த் இல்லாத இடத்தில் இந்தப் பெட்டி மின்சாரத்தை வாங்குவதில்லை. அது உயிர்க்காப்புக்காகச் செய்த ஏற்பாடு. பின்னிருக்கையில் தாயார், "அக்கா நாளைக்குச் சாயங்காலம் வாசலையே பார்த்துக்கிட்டு இருப்பா" என்றார். என்னைக் குறை சொல்லி அவர் சொல்லவில்லை. ஆயினும் அது என்னைச் சுட்டது. வேண்டாம் என்று தடுத்தவர்களின் முகங்கள் எல்லாம் என் கண்முன் வந்து நின்றன.

விடுதிப் பையன்தான் வழி காட்டினான். இரண்டு தெரு தள்ளி ஒரு மாவு மில். பெரிய மோட்டார் ஓடும் இடம், எர்த் நன்றாக இருக்கும் என்றான். மில்லை மூடிக்கொண்டிருந்த பெரியவர் எங்களைக் கண்டு, "பன்னி, பன்னி" என்று வரவேற்றார். வாருங்கள் என்பதற்குக் கன்னடச் சொல் அது. நம் காதில் அது எப்படி விழும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. மகள் சிரிப்பை அடக்க முடியாமல் தாவணி போல் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள்.

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. பெரியவர் கம்பியைப் புறங்கையால் தொட்டுத் தொட்டுச் சூடு பார்த்தார். அரை மணி நேரம் கழித்து மீண்டும் வந்து தொட்டுப் பார்த்து, "பரவாயில்லை" என்று தலையசைத்தார். மணிக்கு 3 யூனிட் அளவில்தான் ஏறும். விடியும் வரை ஆகும் என்று சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. மில்லின் பின்புறமிருந்த தம் வீட்டிற்கு அழைத்துச் சென்றார். அவருடைய மனைவியார் ராகி முத்தையும் சாறும் இட்டார். என் தாயார் ஒரு கவளம் வாயிலிட்டதும், "இது எங்க ஊர்க் களிதானே!" என்றார். அதற்குப் பின் மொழி தடையாக இல்லை. என் மனைவியின் இந்தியைவிடத் தாயாரின் தமிழே அங்கு நன்கு சென்றது. ஹைதர் அலியின் படைஞர் மலைப்பிளவு வழியே ஒவ்வொருவராகக் கோட்டைக்குள் நுழைந்தபோது, காவலன் மனைவி ஓபவ்வா உலக்கையால் அடித்து வீழ்த்திய கதையை அந்த அம்மையார் நடித்தே காட்டினார். உலக்கைக்கு அவர்கள் சொல் 'ஒனகெ'. ஏழு சுற்றுக் கோட்டையை நாங்கள் பகலில் சென்று பார்க்கவில்லை. அந்த அடுக்களையிலேயே பார்த்துவிட்டோம்.

விடியற்காலை ஐந்து மணிக்குச் சார்ஜ் 66. பெரியவர் மீட்டரைப் பார்த்து, 25 யூனிட் என்று கணக்கிட்டு 250 ரூபாய் வாங்கிக்கொண்டார். நான் 1,000 ரூபாயை நீட்டியபோது, அவர் சொன்னதன் பொருள் இது: "கரண்டுக்கு விலை உண்டு. தூங்கியதற்கு ஏது விலை?" தாயார், தமக்கைக்கென்று செய்து கொண்டுவந்த பொருள்விளங்கா உருண்டை டப்பாவைத் திறந்து, பாதியை அந்த அம்மையாரின் கையில் வைத்தார். அதை அவர்கள் மறுக்கவில்லை.

இறக்கத்தில் ஈட்டியது

தும்கூரில் ஒரு முறை, கிருஷ்ணகிரியில் ஒரு முறை சார்ஜ் ஏற்றினோம். பெங்களூர் நெரிசலில் வீணான இரண்டு மணி நேரத்தை மறந்துவிடுகிறேன். தர்மபுரியைத் தாண்டியதும் தொப்பூர்க் கணவாய். விபத்துகளுக்குப் பேர்போன அந்த நீண்ட இறக்கத்தில் லாரிகள் பிரேக் சூட்டு நாற்றத்துடன் ஊர்ந்தன. எங்கள் வண்டி பிரேக்கை அதிகம் நாடாமலே, மோட்டாரின் பிடிப்பில் தணிந்து இறங்கிற்று. அடிவாரத்தில் மகள், "ஒரு புள்ளி ஏறியிருக்கு!" என்று கூவினாள். தாயார் சிறிது எண்ணிப் பார்த்து, "இறங்குறப்பக்கூட சம்பாதிக்குதா? நல்ல வண்டிதான்" என்றார். அன்று நான் பெற்ற பெரிய பாராட்டு அது.

தொப்பூரில் மேட்டூர்ச் சாலையில் திரும்பினோம். செம்மண்ணும் வேலமரமும் வந்ததும் தாயார் கண்ணாடியை இறக்கிவிட்டார். ஊர் சேர்ந்தபோது விளக்கேற்றும் நேரம். பெரியம்மாவின் கட்டிலை வாசல் திண்ணையருகே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பெரியம்மா வண்டியைப் பார்த்து, "கரண்டிலயா ஓடிவந்தீங்க, பம்பாயிலிருந்து?" என்றார். மேட்டூர் அணை கட்டி முடிந்தது 1934-இல். அதன் அடியில் மின்நிலையம் 1937-இல் வந்தது. ஆனால் பத்துக் கல் தொலைவில் உள்ள அந்த வீட்டிற்கு முதல் விளக்கு வர மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. அன்று அதை அணைக்க அஞ்சி இரவு முழுவதும் எரியவிட்டதைச் சகோதரிகள் இருவரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தனர். அதே வீட்டுச் செருகியில், கிணற்று மோட்டாரின் எர்த்தில், அன்றிரவு என் வண்டி மேட்டூர் மின்சாரம் அருந்திற்று.

பெரியம்மா இப்பொழுது கோலூன்றி நான்கடி நடக்கிறார். தாயார் அங்கேயே இரண்டு மாதம் தங்கிவிட்டார்.

அன்பர்களுக்குச் சில சொற்கள்

இவ்வண்டி வாங்கலாமா என்று சங்கத்து அன்பர் பலர் என்னைக் கேட்கின்றனர். நிறுத்துமிடத்தில் மின்சாரம் பெற வழியுண்டானால் வாங்கலாம், இல்லையேல் பொறுத்திருக்கலாம். ஊர்ப்பயணம் செல்வோர், மீதம் 30-க்குக் கீழ் இறங்கும் முன்பே அடுத்த நிலையத்தைத் தேடுக. கைப்பேசி சொல்வதை நம்பாமல் நிலையத்தாரை ஒருமுறை அழைத்துக் கேளுங்கள். வீட்டுச் செருகியில் மாட்டும் பெட்டியை ஒருபோதும் மறவாதீர். நேரம் குறித்து ஓடும் அவசரப் பயணத்திற்கு இன்று இது ஏற்றதன்று என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் நிலப்படத்தில் முன்பு இரண்டு ஊர்கள் இருந்தன. இப்பொழுது நடுவில் சில புள்ளிகள் விழுந்துவிட்டன. சென்ற வாரம் சித்ரதுர்க்கத்திலிருந்து தொலைபேசி வந்தது. அங்கு அந்த மாவு மில்லின் வாசலில், சாலையைப் பார்த்தபடி ஒரு மின்செருகி வைத்துவிட்டாராம் பெரியவர். உருண்டைக்கு எந்தப் பருப்பு என்று அந்த அம்மையார் கேட்கச் சொன்னாராம். தாயார் ஊரிலிருந்து வந்ததும் கேட்டுச் சொல்ல வேண்டும்.